இலக்குச் சுடுதலுக்கு எத்தனை மடங்கு ஸ்கோப்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். தாராபுரத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 58. உரிமம் பெற்ற .22 ரைஃபிள் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவைப் பக்கமுள்ள கிளப்பில், மேசைமேல் தாங்கி வைத்து 50 மீட்டர் சுடுகிறேன். இப்போது துப்பாக்கிமேல் மாட்டியிருக்கும் 3-9×40 ஸ்கோப்பில் (3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும், 40 மில்லிமீட்டர் முகப்புக் கண்ணாடியுள்ள தொலைநோக்கி) அட்டையில் விழுந்த துளை தெளிவாகத் தெரிவதில்லை. கடைக்காரர் 10-50×60 வாங்கச் சொல்கிறார். உடன் சுடும் நண்பரோ 6-24×50 போதும் என்கிறார். கூடுதல் பணம் கொடுப்பது தகுமா? பள்ளியில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடத் தொடங்கியிருக்கும் என் பேத்திக்கும் அதே ஸ்கோப்பை அவ்வப்போது மாற்றி மாட்டிக் கொடுக்கலாமா?

வாசகர், தாராபுரம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்வதே சரி. 24 மடங்கில் பார்த்தால் 50 மீட்டருக்கு அப்பாலுள்ள அட்டை, வெறுங்கண்ணுக்கு இரண்டு மீட்டர் தொலைவில் தொங்கும் அட்டையின் அளவுக்குத் தெரியும். அந்த அளவில் 5.6 மில்லிமீட்டர் துளையைக் காண முடியாவிட்டால் குறை பெரும்பாலும் கண்ணாடியின் தரத்தில்தான் இருக்குமே தவிர மடங்கில் இருக்காது. ஆகவே அந்தக் கூடுதல் பணத்தை மடங்குக்குக் கொடுக்காமல், அதே 6-24 வகையில் இன்னும் நல்ல கண்ணாடிக்குக் கொடுங்கள் என்பதே என் யோசனை.

50 மடங்கைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதற்கென்றே இருக்கும் ஆட்டங்கள் உண்டு. 1000 கஜம் வரை சுடும் எஃப் கிளாஸிலும், குண்டுத் துளைகள் ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டிய பெஞ்ச்ரெஸ்டிலும் நைட்ஃபோர்ஸின் 15-55×52, லியூபோல்டின் 45×45 போன்றவற்றைத் தேடி வாங்குகிறார்கள். அங்கே அவை தேவையும்கூட. ஆனால் நீங்கள் சுடுவது நம் கொங்கு நிலத்தில், நம் காற்றின் ஊடாக. ஸ்கோப் இலக்கை மட்டும் பெரிதாக்குவதில்லை; இலக்குக்கும் கண்ணுக்கும் நடுவிலுள்ள காற்றின் அசைவையும் அதே அளவுக்குப் பெரிதாக்குகிறது. மாசி பிறந்ததிலிருந்து சித்திரை முடியும்வரை, காலை வெயில் ஏறியதுமே செம்மண் தரையிலிருந்து கானல் எழத் தொடங்கிவிடும். ஒன்பது மடங்கில் உங்கள் கண்ணுக்குத் தட்டுப்படாத அந்தக் கானல், 50 மடங்கில் வளையங்களின் விளிம்பை நெளியவைத்து, கருவட்டத்தை இருந்த இடத்திலிருந்து தள்ளிக் காட்டும். அப்போது 50 மடங்கு ஸ்கோப் வைத்திருப்பவரும் மடங்கை மாற்றும் வளையத்தைத் திருப்பி இருபதுக்கோ இருபத்தைந்துக்கோ இறங்கித்தான் சுடவேண்டியிருக்கும். அப்படியானால் வெயில் காலமெல்லாம் பயன்படாத பாதிக்கு எதற்காக விலை கொடுக்கவேண்டும்?

கானலைப் பகையாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்றைப் பற்றித் தாராபுரத்துக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளெல்லாம் அதை நம்பித்தான் நிற்கின்றன. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, .22 குண்டை 50 மீட்டருக்குள் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஒதுக்கிவிடும். சர்வதேச 50 மீட்டர் அட்டையில் பத்தாம் வளையத்தின் முழு அகலமே 10.4 மில்லிமீட்டர்தான் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். அந்தக் காற்று எப்பக்கம் ஓடுகிறது, எப்போது தணிகிறது என்பதை ஸ்கோப்புக்குள் காட்டித் தருவது கானல்தான். அது இடமிருந்து வலமாக ஓடினால் காற்றும் அப்படியே ஓடுகிறது; நேர்மேலே கொதிப்பதுபோல் எழுந்தால் காற்று நின்றிருக்கிறது, அல்லது சுடும் கோட்டோடு ஒட்டியே வீசுகிறது. இதைப் படிக்க 16 முதல் 24 மடங்கு வரை வசதியானது. அதற்குமேல் போனால் ஓட்டம் தெரியாமல் வெறும் கலங்கல்தான் தெரியும்.

அடுத்து உங்கள் வயதை முன்னிட்டு ஒன்று சொல்லவேண்டும். முகப்புக் கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கிடைப்பதே, ஸ்கோப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம். 60 மில்லிமீட்டர் முகப்பில் 50 மடங்கு வைத்தால் அது 1.2 மில்லிமீட்டர்; 50 மில்லிமீட்டர் முகப்பில் 24 மடங்கு வைத்தால் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கற்றை மெலிய மெலியக் காட்சி மங்கும், கண்ணை வைக்கும் இடம் இம்மியும் பிசகக்கூடாதென்றாகும், வயதானவர் கண்ணுக்குள் மிதக்கும் நிழல் புள்ளிகளும் அட்டையின் வெண்மையில் துலங்கத் தொடங்கும். தவிரவும் 60 மில்லிமீட்டர் முகப்பு குழலில் இடிக்காமல் இருக்க, ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்துவைக்கும் ரிங்குகள் உயரமாக வேண்டும். அவற்றை மாட்டினால் கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டு எழும்பிவிடும்.

உண்மையில் நீங்கள் அக்கறையோடு பார்க்கவேண்டியது பேரலாக்ஸ் திருத்தத்தைத்தான். கண் நகர்ந்தால் குறிக்கம்பியும் இலக்கின்மேல் நகர்வதுபோல் தெரிவதே பேரலாக்ஸ். 100 மீட்டருக்கென்று நிலையாக அமைத்த 50 மில்லிமீட்டர் ஸ்கோப்பில் 50 மீட்டர் இலக்கைப் பார்க்கும்போது, கண் நடுவிலிருந்து விலகினால் அதிகபட்சம் 12.5 மில்லிமீட்டர் வரை குறி பிசகலாம். பத்தாம் வளையத்தின் அகலத்தைவிட இது பெரிது. இதைத் திருத்தும் பக்கவாட்டுத் திருகுள்ள ஸ்கோப்பாகவே வாங்குங்கள். ஆனால் அதன்மேல் அச்சிட்ட தொலைவை நம்பாதீர்கள். துப்பாக்கியைத் தாங்கியில் அசையாமல் வைத்துத் தலையை மட்டும் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து, குறிக்கம்பி அட்டையின்மேல் நகராத இடம்வரை திருகுங்கள். அதற்கு முன்பே கண்பக்கத்து வளையத்தைத் திருப்பிக் குறிக்கம்பி கூர்மையாகத் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.

கிளிக் அளவையும், அதாவது குறியைத் திருத்தும் திருகின் ஒரு சொடுக்குக்குக் குறி எவ்வளவு நகரும் என்பதையும், கேளுங்கள். எம்.ஓ.ஏ.வும் மில்ராடும் அதைச் சொல்லும் கோண அளவுகள். கால் எம்.ஓ.ஏ. கிளிக் 50 மீட்டரில் 3.6 மில்லிமீட்டர் நகர்த்தும், அரைக்கால் எம்.ஓ.ஏ. கிளிக் அதில் பாதி; 0.1 மில்ராட் கிளிக் 5 மில்லிமீட்டர். உங்கள் அட்டைக்கு அரைக்கால் கிளிக்தான் பொருத்தம். கடைக்காரர் இசைந்தால், பணம் கொடுக்கும் முன் கிளப்பில் ஒரு நாள் மாட்டிப் பாருங்கள். குறியை மாற்றாமல், மேலே 20 கிளிக், வலப்பக்கம் 20, கீழே 20, இடப்பக்கம் 20 என்று திருப்பி, ஒவ்வொரு மூலையிலும் சில குண்டுகள் சுட்டுப் பார்க்கையில், கடைசியில் தொடங்கிய துளைக்கே திரும்பாத ஸ்கோப்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கவேண்டாம்.

பேத்தியின் துப்பாக்கிக்கு இந்த ஸ்கோப் வேண்டாம். சர்வதேச விதிகளின்படி 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலும் 50 மீட்டர் ரைஃபிளிலும் தொலைநோக்கிக்கு இடமில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது சிறு துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட்டில்தான்; அந்தப் போட்டி அட்டையில் பத்தாம் வளையம் என்பது 0.5 மில்லிமீட்டர் புள்ளி. வீட்டில் பழகுவது ஸ்பிரிங் வகைத் துப்பாக்கி என்றால் இன்னொரு காரணமும் உண்டு: அது முதலில் பின்னே உதைத்து, உடனே முன்னேயும் உதைக்கும். அதற்கென்று செய்யாத ஸ்கோப்பின் உட்பாகங்கள் அந்த இரண்டாவது உதையில் தளர்ந்துபோகும். அவளுக்கு ஏதேனும் வாங்கித் தர விரும்பினால், முன் குறியில் போடும் வளையங்களில் இரண்டு மூன்று அளவுகள் வாங்கிக் கொடுங்கள். கருவட்டத்தைச் சுற்றித் தெரியும் வெள்ளை இடைவெளி மிகக் குறுகலாக இருந்தால் பிள்ளைகள் அதைச் சரிசெய்துகொண்டே இருந்து விசையை இழுக்கத் தாமதிப்பார்கள். எந்த அளவு அவள் கண்ணுக்கு அமைகிறது என்பதை அவளுடைய பயிற்சியாளர் அருகில் நின்று பார்த்து முடிவுசெய்யட்டும்.

அன்புடன்.