மீன் சாப்ட்டா மூஞ்சி செவக்குது, ஃப்ரீசர்ல வச்சதாலயா டாக்டர்?

கேள்வி: எங்க வீடு தண்டையார்பேட்டை. ஞாயித்துக்கிழமை காசிமேடு போய் ஒரு வாரத்துக்கு மீன் வாங்கி ஃப்ரீசர்ல போட்டுடுவோம். போன புதன்கிழமை கானாங்கெளுத்தி எடுத்து வறுத்தேன். சாப்ட்ட அரை மணி நேரத்துல வீட்டுக்காரருக்கு மூஞ்சி, கழுத்தெல்லாம் செவந்து ஒரே அரிப்பு, தலைவலி. பசங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஃப்ரிட்ஜ் மீன்னாலே விஷம்னு மாமியார் சொல்றாங்க. இனிமே வைக்கலாமா, வேணாமா?

பதில்: தாராளமா வைக்கலாம்மா. மீன் கெட்டுத்தான் இருக்கு, ஆனா கெட்டது அனேகமா ஃப்ரீசருக்குள்ள போறதுக்கு முன்னாடியே.

நீங்க சொல்றத பாத்தா ஹிஸ்டமின் விஷமா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கானாங்கெளுத்தி, சூரை, மத்தி இதோட சதையில ஹிஸ்டிடின்னு ஒரு அமினோ அமிலம் நிறைய இருக்கு, ஐஸ் இல்லாம சூட்டுல கெடந்தா பாக்டீரியா அத ஹிஸ்டமினா மாத்திடும், அலர்ஜி வந்தா நம்ம உடம்பே விடுற சரக்கும் இதேதான், அதான் பாக்க அலர்ஜி மாதிரியே இருக்கு. பேஜாரு என்னன்னா, ஒருவாட்டி உண்டாயிடுச்சுன்னா உறைய வச்சாலும் போகாது, மொறுமொறுன்னு வறுத்தாலும் போகாது, நாத்தமும் வராம இருக்கலாம். சில பேருக்கு நாக்குல மிளகு கடிச்ச மாதிரி சுர்ருங்கும், நம்ம மசாலாவுல அது எங்க தெரியப்போவுது! ஒரு துண்டுல அதிகமா, இன்னொண்ணுல கம்மியா இருக்கும், பசங்க தப்பிச்சது அப்படி இருக்கலாம்.

இப்படி வர்றவங்ககிட்ட நான் மொதல்ல கேக்குறது, வாங்கினது எத்தன மணி, ஃப்ரீசர்ல வச்சது எத்தன மணின்னுதான். ஒருத்தர் ஆறு மணிக்கு வாங்கி, கேரி பேக்க வண்டி ஹேண்டில்ல மாட்டிக்கிட்டு, வழியில டிபன் சாப்ட்டு, திருவொத்தியூர்ல தங்கச்சி வீட்ல அரை கிலோ குடுத்துட்டு வீடு வந்து சேர பத்தரை, அதுக்கப்புறம்தான் மீன ஆயவே உக்காந்தாங்களாம். மே மாச வெயில்ல ஒரு மணி நேரமே ஜாஸ்திங்க.

அதனால கையோட ஒரு தெர்மாகோல் பெட்டி எடுத்துட்டு போங்க, ஒடச்ச ஐஸ் அங்கயே வாங்கி மீனுக்கு அடியிலயும் மேலயும் போட்டு நேரா வீட்டுக்கு வாங்க. கழுவி, ஒரு வேளைக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ மட்டும் தட்டையா கவர்ல போட்டு தேதி எழுதி வைங்க, கும்பலா வச்சா நடுவுல உறைய ரொம்ப நேரமாகும். ஃப்ரீசர்னா மைனஸ் 18 டிகிரி இருக்கணும், சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜோட மேல் பெட்டி பல வீட்ல அவ்ளோ போறதில்ல, அதுல வச்சா மூணு நாலு நாள்ல முடிச்சிடுங்க. சமைக்கணும்னா மொத நாள் ராத்திரியே கீழ்த்தட்டுக்கு எறக்குங்க. காலைல எடுத்து சிங்க்ல போட்டுட்டு வேலைக்கு போயிட்டு வர்ற பழக்கம் இருந்தா விட்ருங்க, பாக்டீரியா ஃப்ரீசர்ல சாகுறதில்ல, தூங்கிட்டு இருக்கு, அவ்ளோதான்.

கரண்ட் கட்டுக்கு ஒரு வழி இருக்கு. ஒரு பிளாஸ்டிக் கப்ல தண்ணி உறைய வச்சு அது மேல ஒரு ரூபா காசு வச்சு ஃப்ரீசர்லயே விட்டுடுங்க. காசு அடியில போய் ஒக்காந்திருந்தா எல்லாம் உருகி திரும்ப உறைஞ்சிருக்குன்னு அர்த்தம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ எங்க வீட்டு காசு அடியிலதான் கெடந்தது, ரெண்டு கிலோ எறா குப்பைக்கு போச்சு, இன்னும் வயிறு எரியுது.

வீட்டுக்காரர் டிபி மாத்திரை எதாவது சாப்புடுறாரா? அதுல ஐசோனியாசிட் இருந்தா கொஞ்சூண்டு ஹிஸ்டமினே நல்லா வேலைய காட்டும், பக்கத்துல இருக்குற டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. பொதுவா இது சில மணி நேரத்துல, மிஞ்சிப்போனா ஒரு நாள்ல அடங்கிடும். மூச்சு வாங்குது, ஒதடு வீங்குது, மயக்கமா வருதுன்னா மட்டும் வீட்ல ஒக்காந்து பாக்காதீங்க, 108 கூப்புடுங்க, இல்ல நேரா ஸ்டான்லி எமர்ஜென்சிக்கு போங்க. நல்ல மீன் சாப்ட்டும் இதே மாதிரி வந்தா அப்போ நிஜமாவே அலர்ஜியான்னு டெஸ்ட் பண்ணணும்.

அந்த ஞாயித்துக்கிழமை வாங்கின மீன் மிச்சம் ஃப்ரீசர்ல இருந்தா இன்னிக்கே தூக்கி போட்ருங்க, வஞ்சரமா இருந்தாலும் சரி, அதுவும் கானாங்கெளுத்தி, சூரையோட குடும்பம்தான்.