நங்கா பர்பத்தில் காணாமல் போன மூவர்: கேள்வி பதில்

1895இல் இமயத்தின் நங்கா பர்பத் சிகரத்தில் (இன்றைய பாகிஸ்தானில்) மறைந்த மலையேறி ஆல்பர்ட் மம்மெரி பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: 1924இல் எவரெஸ்டில் மறைந்த மலோரிக்கு முன்பே இப்படி ஒருவரா?

பதில்: ஆமாம், 29 ஆண்டுகளுக்கு முன்பே. மம்மெரி இங்கிலாந்தின் டோவரில் தோல் பதனிடும் தொழில் நடத்தியவர். முதுகில் பலவீனம், கிட்டப்பார்வை வேறு. ஆனாலும் 1879இல் ஆல்ப்ஸில் உள்ள மாட்டர்ஹார்ன் சிகரத்தின் ஸ்முட் முகடு வழியாக முதன்முதலில் ஏறியவர்களில் இவரும் ஒருவர். அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் பெரும்பாலும் சம்பள வழிகாட்டிகளோடுதான் ஏறுவார்கள். இவரும் அப்படித்தான் தொடங்கினார். 1890களில் வழிகாட்டியே இல்லாமல் நண்பர்களோடு ஏறினார். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கேள்வி: பொருளாதார நூல் எழுதினாராமே?

பதில்: பொருளாதார அறிஞர் ஹாப்சனோடு சேர்ந்து 1889இல் எழுதினார். மிதமிஞ்சிய சேமிப்பு வேலைவாய்ப்பைக் கெடுக்கும் என்பது வாதம். 1936இல் புகழ்பெற்ற பொருளாதார அறிஞர் கீன்ஸ் தன் நூலில் அதைப் பாராட்டியிருக்கிறார்.

கேள்வி: கடைசி நாட்களில் என்ன நடந்தது?

பதில்: 8,126 மீட்டர் மலை அது. எட்டாயிரம் மீட்டரைத் தாண்டும் ஒரு சிகரத்துக்கு நடந்த முதல் தீவிர முயற்சி இதுதான். கூட வந்தவர்கள் நார்மன் காலி, ஜெஃப்ரி ஹேஸ்டிங்ஸ். பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரி சார்லஸ் புரூஸ் தன் கூர்க்காப் படையிலிருந்து ரகோபிர் தாப்பா, கோமன் சிங் இருவரையும் அழைத்து வந்திருந்தார். மலையின் மேற்கே உள்ள டியாமிர் பக்கத்தில், பனிச்சரிவுகள் இருபுறமும் பாயும் இடத்தில் துருத்தி நிற்கும் ஒரு பாறை விலா வழியாக மம்மெரியும் ரகோபிரும் ஏறத்தாழ 6,100 மீட்டர் வரை போய்விட்டார்கள். அங்கே ரகோபிருக்கு உடம்பு முடியாமல் போக, இறங்கினார்கள். அப்புறம் வடக்கே உள்ள ரக்கியோட் பள்ளத்தாக்குப் பக்கம் வழி பார்க்கலாம் என்று முடிவு. காலியும் ஹேஸ்டிங்ஸும் சாமான்களோடு சுற்றுவழியில் போக, ஆகஸ்ட் 24 அன்று மம்மெரி இரு கூர்க்காக்களோடு உயரமான பனிக் கணவாய் ஒன்றை நோக்கிக் கிளம்பினார். மறுபக்கம் காத்திருந்தவர்களிடம் மூவரும் வந்து சேரவே இல்லை. தேடியும் தடயம் கிடைக்கவில்லை. பனிச்சரிவில் சிக்கியிருப்பார்கள் என்றே எல்லோரும் கருதுகிறார்கள்.

கேள்வி: தவறு எங்கே?

பதில்: ஆல்ப்ஸ் கணக்கை இமயத்தில் போட்டதுதான் என்பேன். ஆல்ப்ஸின் மிக உயர்ந்த சிகரமான மோன் பிளாங்கே 4,800 மீட்டருக்குச் சற்று மேல்தான். உடம்பு உயரத்துக்குப் பழக எத்தனை நாள் வேண்டும் என்று அன்று யாருக்கும் தெரியாது. அதற்காக அவரை அசட்டுத் துணிச்சல்காரர் என்று ஒதுக்குவது சரியில்லை. என் வருத்தம் வேறு: பல கட்டுரைகள் 'மம்மெரி மறைந்தார்' என்று எழுதி முடித்துவிடுகின்றன. அன்று சேர்ந்து போனவர்கள் மூன்று பேர். ரகோபிர், கோமன் சிங் பெயர்களையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: மலோரி உடல் 1999இல் கிடைத்ததே, இவர்களுடையது கிடைக்குமா?

பதில்: மலோரி கிடந்தது 8,000 மீட்டருக்கு மேல், நகராத சரளைச் சரிவில். பனியாறு அப்படியல்ல, நகர்ந்துகொண்டே இருக்கும். இதே டியாமிர் பக்கம் 1970இல் இறந்த மலையேறி குந்தர் மெஸ்னரின் எச்சங்கள் 2005இல் பனியாற்றில் வெளிப்பட்டன. அதனால் வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது 35 ஆண்டு. இது 125 ஆண்டுக்கு மேல்.