அத்தையின் எடை எங்கே போச்சு?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 76. மாமா காலமான பிறகு கும்பகோணத்திலிருந்து எங்களோடு செம்பூருக்கு வந்துவிட்டார். தீபாவளியின்போது 52 கிலோ. இப்போது சித்திரையில் 46. வளையல் முழங்கை வரை ஏறுகிறது. காலையில் காபியும் ரஸ்க்கும், மதியம் இரண்டு கரண்டி ரசம் சாதம், ராத்திரி கஞ்சி, அவ்வளவுதான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போட்டுக்கொள்கிறார். "வயசானா இளைக்கத்தான் செய்யும்" என்கிறார் என் கணவர். புரோட்டீன் பவுடர் வாங்கித் தரலாமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, செம்பூர், மும்பை

பதில்: பவுடர் கிடக்கட்டும், முதலில் கணக்கைப் பார்ப்போம். 52-இல் 6 கிலோ போயிருக்கிறது என்றால் 11 சதவீதத்துக்கும் மேல். ஆறு மாதத்தில் காரணமில்லாமல் 5 சதவீதம் குறைந்தாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். வயசு யாரையும் இந்த வேகத்தில் இளைக்க வைக்காது என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். தைராய்டு, காசநோய், குடல் கோளாறு, புற்றுநோய், கட்டுக்குள் வராத சர்க்கரை, மனச்சோர்வு, இதில் எதுவும் இருக்கலாம். மாமா போன துக்கத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மெட்ஃபார்மினும் சிலருக்குப் பசியைக் கெடுக்கும். வருஷக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையும், சைவம் என்றால் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அதற்காக நீங்களே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுங்கள். செலவு பயமாக இருந்தால் சயானில் மாநகராட்சி ஆஸ்பத்திரி இருக்கிறது. கூட்டம் அலைமோதும், காலையிலேயே போய்விடுங்கள்.

அப்புறம், அவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து தட்டைக் கவனியுங்கள். பீன்ஸ் பொரியலை ஓரம் தள்ளிவிட்டு ரசத்தை மட்டும் விழுங்கினால், குறை பசியில் இல்லை, பல்லில் இருக்கிறது. உடம்பு இளைத்தால் பல்செட்டும் லூசாகிவிடும். பெரியவர்கள் பலரும் "கடிக்க முடியலை" என்று சொல்ல மாட்டார்கள், "பசிக்கலை" என்றுதான் சொல்வார்கள். மலச்சிக்கல் உண்டா என்பதையும் கேளுங்கள். வயிறு அடைத்துக் கிடந்தால் யாருக்குத்தான் சாப்பிடத் தோன்றும்?

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். இந்த வயதில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. அத்தைக்கு நாளுக்கு ஐம்பது கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்). நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டில் பதினைந்து கிராம் தேறினால் அதிகம். அதற்காக அவரை நிறையச் சாப்பிடச் சொல்லாதீர்கள், முடியாது. அதே இரண்டு கரண்டியில் சத்தை ஏற்றுங்கள். அரை லிட்டர் பாலில் நாலு மேசைக்கரண்டி பால் பவுடரைக் கலந்து வைத்து, காபியையும் தயிரையும் அதிலேயே செய்யுங்கள். ரசம் சாதத்துக்குப் பதில் குழைந்த பருப்பு சாதம், மேலே ஒரு ஸ்பூன் நெய். உப்புமாவில் ஐம்பது கிராம் பனீரை உதிர்த்துப் போட்டால் ஒன்பது கிராம் புரதம் வந்துவிடும். கஞ்சியில் பொட்டுக்கடலை மாவு, இல்லையென்றால் மராத்தி வீடுகளில் வறுத்துப் பொடித்து டப்பாவில் வைத்திருப்பார்களே, அந்த வேர்க்கடலைப் பொடி. மூன்று வேளையை ஆறு வேளையாகப் பிரியுங்கள்.

சர்க்கரை என்று சொல்லி நெய், தேங்காய், பழம் எல்லாவற்றையும் வீட்டில் தடை செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நல்ல எண்ணம்தான், ஆனால் 46 கிலோ பாட்டிக்கு அது ஆகாது. தளர்ந்துபோன முதியவர்களுக்கு சர்க்கரைக் கட்டுப்பாட்டை டாக்டர்களே கொஞ்சம் தளர்த்துவார்கள், கேட்டுப் பாருங்கள். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிறார் என்றால், வேளை தவறினால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அதுதான் ஆபத்து.

பவுடர்? இவ்வளவு செய்தும் எடை ஏறாவிட்டால் வாங்குங்கள், டாக்டர் சொல்கிற ரகத்தில். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்தால் இருக்கிற பசியும் போய்விடும், இரண்டு வேளைக்கு நடுவில் கொடுங்கள். காலையில் எல்லோரும் லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டால் அத்தை மதியம் டிவியோடுதான் சாப்பிடுவார் என்று நினைக்கிறேன். எதிர்வீட்டு மாமி யாராவது சேர்ந்து உட்கார்ந்தால் அதுவே பாதி மருந்து.

கேள்வி: டோம்பிவிலியில் தனியாக இருக்கும் 81 வயது அப்பாவுக்கு மதியம் ஒரு வேளைக்கு மட்டும் டப்பா (வீட்டுக்கே வரும் கேரியர் சாப்பாடு) வருகிறது. பாதியை ராத்திரிக்கு எடுத்து வைத்துக்கொள்கிறார். போதுமா?
- வாசகர், முலுண்ட்

பதில்: போதாது. அது ஒருவேளைச் சாப்பாடு, இரண்டாகப் பிரித்தால் இரண்டு அரை வேளைதான். மும்பை வெயிலில் மேஜை மேல் ராத்திரி வரை கிடந்த சோறு வயிற்றையும் கெடுக்கும். வந்த உடனே பாதியை ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பிடும் முன் நன்றாகச் சூடாக்கச் சொல்லுங்கள். ராத்திரிக்கு இன்னொரு டப்பா சொல்லிவிடுங்கள். அடுப்பு பற்ற வைக்கத் தெம்பில்லாதவருக்கு வாழைப்பழம், பால், கடலை மிட்டாய் (பல் இருந்தால்) கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். முட்டை சாப்பிடுவாரென்றால் வீட்டு வேலைக்கு வருபவரிடம் சொல்லி தினம் இரண்டு அவிக்கச் சொல்லுங்கள், புரதம் 12 கிராம்.

கேள்வி: காய்ச்சலில் ஒரு வாரமாக அம்மா தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. இப்போது பசி வந்திருக்கிறது. நன்றாகச் சாப்பிட வைக்கலாமா?
- வாசகி, தாராவி

பதில்: வேண்டாம், முதலில் டாக்டர். பல நாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய உள்ளே போனால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் இறங்கி இதயமே தடுமாறலாம். ரத்தப் பரிசோதனை செய்து, வைட்டமின் பி1 கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுவார்கள். இந்த இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று உங்களுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே.