கேள்வி-பதில்: மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வாங்கப் போகிறீர்களா?

குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் கெட்டித்துச் சுடும் வேட்டைத் துப்பாக்கிகள் பற்றி அமெரிக்க வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த முறை பதில்.

முதல் மான் வேட்டை. இன்லைன் (குழலின் நேர் பின்னாலிருந்து மருந்து பற்றுவது), கேப் (சிறு தொப்பி போன்ற வெடிப்பானை முனையில் வைத்துச் சுடுவது), சக்கிமுக்கி (கல் உரசித் தீப்பொறி எழுவது) மூன்றில் எதை வாங்குவது? (ஒஹையோ)

இன்லைன், குழல் அகலம் .50 அங்குலம். அதில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிப்பானான 209 பிரைமர் ஈரத்தை ஓரளவு தாங்கும். பின்பக்க அடைப்புத் திருகைக் கழற்றிக் குழலை முழுவதும் துடைக்கலாம். நுனி கூரான குண்டு சுட வேண்டுமென்றால், 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று திரும்பும் வரிக்குழலை (உள்ளே சுழல் வரி வெட்டிய குழல்) கேளுங்கள். துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கு 66 அங்குலம் போன்ற மெதுவான சுற்றுதான் நன்றாகப் பொருந்தும். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய பருவத்துக்குச் சக்கிமுக்கி கட்டாயம். எனவே மாநில விதியைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கொலராடோவில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கான வேட்டைப் பருவத்துக்காக ஸ்கோப், வில்லை மருந்து (தூளாக இல்லாமல் வில்லையாக அழுத்தியது), பிளாஸ்டிக் உறையிட்ட குண்டு எல்லாம் வாங்கிவிட்டேன். சரிதானே?

மூன்றுமே அந்தப் பருவத்தில் அங்கே தடை. விதிக் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் அதைப் புரட்டியிருக்க வேண்டாமா?

சாதாரணத் துப்பாக்கிக்கான புகையில்லா மருந்து வீட்டில் இருக்கிறது. போடலாமா?

கூடாது. குழல் வெடித்துக் கை போகும்.

மூன்று வில்லை, அதாவது 150 கிரெயின் (மருந்தை அளக்கும் அலகு) போட்டால் 200 கஜம் தாண்டியும் அடிக்கலாம் என்கிறார் கடைக்காரர். கூடுதல் விலை கொடுக்கலாமா? (மிச்சிகன்)

வேண்டாம். எனக்குப் பல வருடமாக ஆறாத கோபம் இது. புதிதாக வருபவரிடம் ஏன் தூரத்தை விற்கிறார்கள்? மரங்களுக்கு நடுவே மான் பெரும்பாலும் 100 கஜத்துக்குள்தான் நிற்கும். அதற்கு 100 கிரெயினே தாராளம். அதற்கு மேல் போடும் மருந்தில் ஒரு பகுதி குழலுக்கு வெளியே எரிந்து வீணாகும். தோளில் விழும் உதை மட்டும் கூடும். உதைக்குப் பயந்தவர் விசையை அழுத்தும்போதே கண்ணை மூடிக்கொள்கிறார், குண்டு விலகுகிறது, மான் காயத்தோடு ஓடிப்போய் எங்கோ சாகிறது. நானும் அந்தப் பேச்சை நம்பி விலை உயர்ந்த ஒன்றை வாங்கினேன். மூன்று வில்லை போட்ட முதல் நாளே தோள் கன்றிப்போனது. காகிதக் குறியில் ஐந்து குண்டும் ஐந்து திசையில் இருந்தன. பிறகு தூள் மருந்துக்கு மாறி, 80 கிரெயினில் தொடங்கி ஐந்தைந்தாகக் கூட்டிப் பார்த்தேன். 90-இல் குண்டுகள் ஓரிடத்தில் கூடின. வில்லையில் இப்படிக் கூட்டிக் குறைக்க முடியாது. துப்பாக்கியின் கையேட்டில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள். மருந்துக் குடுவையிலிருந்து நேரே குழலில் கொட்டாமல் அளவுக் குப்பியில் எடுத்துக் கொட்டுங்கள். உள்ளே கனல் மிச்சமிருந்தால் குடுவையே கையில் வெடிக்கும்.

சுட்ட பிறகு மறுநாள் துடைத்தால் போதுமா?

அன்றே. கருமருந்தின் கரி ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துரு ஏற்றிவிடும். சோப்பு கலந்த வெந்நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசி வையுங்கள்.

துரு இல்லை என்று சொல்லிப் பழைய கேப் துப்பாக்கி ஒன்றை விற்றார்கள். துணி விட்டு எடுத்தால் செம்பழுப்பாக வருகிறது. குண்டைக் கெட்டிக்கும் கம்பியான சலாகையும் முழுவதும் இறங்கவில்லை. ஏமாந்துவிட்டேனா? (டென்னசி)

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், தவறு விற்றவருடையது. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். ஆனால் அதைவிட அவசரமானது அந்தச் சலாகை. கேப் வைக்கும் முனையில் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குழல் வாய்க்கு நேரே நிற்காமல், சலாகையை மெதுவாக நிற்கும்வரை இறக்குங்கள். வாயின் விளிம்பில் விரலால் பிடித்து வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். நுனி கேப் முனை வரை வர வேண்டும். நான்கு விரல் முன்னாலேயே நின்றால் யாரோ என்றோ கெட்டித்த மருந்தும் குண்டும் இன்னும் உள்ளே இருக்கலாம். பழைய மருந்தும் வெடிக்கும். நீங்களாகச் சுரண்டி எடுக்க முயல வேண்டாம். துப்பாக்கி பழுதுபார்ப்பவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு அவரிடம் கொண்டுபோங்கள். அதுவரை குழல் வாய் யார் பக்கமும் திரும்பியிருக்கக் கூடாது.