பட்டா இல்லையென்றால் வெள்ள நிவாரணமும் இல்லையா?

வாசகி ஒருவரின் கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையோரக் கிராமம் எங்களுடையது. 2024-ல் ஃபெஞ்சல் புயலின்போது ஆற்றுத் தண்ணீர் ஊருக்குள் வந்துவிட்டது. எங்கள் வீடு மண் சுவர், ஓட்டுக் கூரை. மேற்குச் சுவர் விழுந்து கூரையும் இறங்கிவிட்டது. கறவை மாடு ஒன்று செத்தது. நாற்றம் தாங்காமல் புதைத்துவிட்டோம். நானும் கணவரும் தனிக்குடித்தனம். ஆனால் ரேஷன் கார்டு மாமியார் பெயரில் இருக்கிறது. அவருக்கு 2,000 ரூபாய் கொடுத்தார்கள். எங்கள் வீட்டைப் பகுதிச் சேதம் என்று எழுதியிருப்பதாக விஏஓ முதலில் சொன்னார். அப்புறம், 'நத்தத்தில் பட்டா இல்லாமல் இருக்கிறீர்கள், எதுவும் வராது' என்றார். மாட்டுக்கு டாக்டர் சான்று இல்லை என்றும் சொல்லிவிட்டார். ஓராண்டு தாண்டிவிட்டது. வழக்குப் போட முடியுமா?

பதில்:

போடலாம், சகோதரி. ஆனால் இன்றைக்கே போட்டால் தோற்பீர்கள். உங்களுக்கு இதுவரை கிடைத்தது வாயால் சொன்ன ஒரு 'இல்லை' மட்டும்தான். அதை எதிர்த்து எந்த நீதிமன்றத்திலும் நிற்க முடியாது. அந்த 'இல்லை' காரணத்தோடு எழுத்தில் வரவேண்டும். அல்லது, நீங்கள் எழுதிக் கேட்டும் அவர்கள் பதில் தரவில்லை என்பதற்காவது ஆதாரம் வேண்டும். முதல் வேலை அதுதான்.

அதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். ஊரில் எல்லோரும் 'நிவாரணம்' என்று ஒரே பெயரில் சொன்னாலும், உங்கள் விஷயத்தில் இருப்பது மூன்று தனித்தனி உதவி. கார்டுக்கான ரொக்கம் ஒன்று, வீட்டுக்கானது ஒன்று, மாட்டுக்கானது ஒன்று. ஒன்றுக்குச் சொன்ன காரணம் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

கார்டுக்கான 2,000 ரூபாயில் உங்களுக்கு வழக்கு இல்லை. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு அதை ரேஷன் கார்டை வைத்துத்தான் அறிவித்தது. உங்கள் பெயர் மாமியார் கார்டில் இருக்கும்வரை, அந்தக் கார்டுக்கு ஒரு தொகைதான். தனிச் சமையல் நடத்துகிறவர்கள் பெயரை நீக்கித் தனிக் கார்டு வாங்கிவிடுவது நல்லது. அதைத் தள்ளிப்போடாதீர்கள், அடுத்த மழைக்காலம் எப்படியும் வரும்.

வீட்டு விஷயம் அப்படி இல்லை. இதில்தான் உங்களுக்குப் பெரிய இழப்பு நேர்ந்திருக்கிறது. பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு 2022 முதல் 2026 வரைக்கும் வகுத்த விதிமுறைப்படி, சமவெளிப் பகுதியில் முழுமையாக இடிந்த அல்லது கடுமையாகச் சேதமான வீட்டுக்கு 1,20,000 ரூபாய். மண் வீட்டில் 15 சதவீதமாவது சேதம் இருந்து அது 'பகுதிச் சேதம்' என்று ஆனால் 4,000 ரூபாய். இது குடிசையாக இருந்தால் மத்திய விதியில் 8,000; ஃபெஞ்சலுக்குத் தமிழக அரசு அறிவித்தது 10,000. ஆய்வுக்கு வந்தவர் எந்தக் கட்டத்தில் டிக் போட்டார் என்பதைப் பொறுத்துத் தொகை முப்பது மடங்கு மாறுகிறது. ஒரு பக்கச் சுவரே விழுந்து, கூரை இறங்கி, உள்ளே படுக்க முடியாத வீட்டைப் பகுதிச் சேதம் என்று எழுதியது எனக்குச் சரியாகப் படவில்லை. மறு ஆய்வு கேட்பதற்கு உங்களிடம் நியாயமான காரணம் இருக்கிறது. வீட்டைச் சரிசெய்வதற்கு முன் எடுத்த போட்டோ செல்போனில் இருந்தால், பிரிண்ட் போட்டு வையுங்கள். போனில் இருக்கும் மூலப் படத்தை அழிக்க வேண்டாம், எடுத்த தேதி அதில்தான் இருக்கும்.

பட்டா விவகாரத்துக்கு வருகிறேன். விதிமுறையில், சேதமான வீடு அனுமதிக்கப்பட்ட கட்டடம் என்று உரிய அதிகாரி சான்று தரவேண்டும் என்று இருக்கிறது. பட்டா இருந்தே ஆகவேண்டும் என்று இல்லை. இரண்டும் ஒன்றல்ல. கிராம நத்தம் என்பது குடியிருப்புக்கென்றே விடப்பட்ட இடம். அது ஆற்றுப் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு போல அரசுக்குச் சொந்தமான நிலமாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அதனால் உங்கள் மனை உண்மையிலேயே நத்தம்தானா என்று முதலில் பாருங்கள். விஏஓ அலுவலகத்தில் 'அ' பதிவேடு இருக்கும், அதில் உங்கள் சர்வே எண்ணுக்கு நேராக என்ன வகை என்று எழுதியிருக்கும். நத்தம் என்றிருந்தால் வலுவான நிலையில் இருக்கிறீர்கள். ஆற்றுப் புறம்போக்கு என்றிருந்தால் வீட்டுக்கான பெரிய தொகையைப் பெறுவது கடினம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டில் எதுவானாலும் ஊராட்சிக்குக் கட்டிய வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, அந்த முகவரியில் உள்ள வாக்காளர் அட்டை மூன்றையும் எடுத்து வையுங்கள். வரி ரசீது நிலத்துக்கு உரிமை தராது. ஆனால் வெள்ளம் வந்த அன்று அந்த வீட்டில் குடியிருந்தது நீங்கள்தான் என்பதைக் காட்டும். நமக்கு இப்போது தேவை அதுதான்.

மாட்டுக்கு அரசு அறிவித்தது 37,500 ரூபாய். இறப்பை உரிய அதிகாரி உறுதிசெய்ய வேண்டும் என்பது விதி. வழக்கமாகக் கால்நடை உதவி மருத்துவர்தான் அதைச் செய்வார். தென்பெண்ணையில் உள்ள சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்ட நேரத்தில், சாலையே தெரியாத ஊரில், டாக்டர் வரும்வரை செத்த மாட்டை எப்படி வைத்திருப்பது? புதைத்தது தவறில்லை. பிரேதப் பரிசோதனை போனாலும் சுற்றுச் சான்றுகள் உண்டு. கோமாரித் தடுப்பூசி போடும்போது காதில் மாட்டிய மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருந்திருக்கும், அது கால்நடை மருந்தகத்தில் பதிவாகியிருக்கும். சொசைட்டிக்குப் பால் ஊற்றினீர்களா? நவம்பர் வரை ஊற்றிய பால் டிசம்பரில் நின்றுபோனதை உங்கள் பால் அட்டையே சொல்லும். குழி வெட்ட வந்த இரண்டு பேரிடம் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் வாங்குங்கள். செத்தது ஒன்று என்றால் ஒன்று என்றே எழுதுங்கள். 'ரெண்டுன்னு போடு, யார் பார்க்கப்போறா' என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் பிரிவு 52-ன்படி தெரிந்தே பொய்யாக நிவாரணம் கேட்பது இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதோடு உங்கள் உண்மையான கோரிக்கையும் அடிபட்டுப் போகும்.

இனி மனு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுங்கள். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவரும் ஆட்சியர்தான், அதையும் குறிப்பிட்டே அவர் பெயருக்கு எழுதுங்கள். வட்டாட்சியருக்கு ஒரு நகல் போகட்டும். நீளமாக எழுத வேண்டாம். 'எனது வீட்டின் சேதத்தைப் பொறியாளரைக் கொண்டு மறு ஆய்வு செய்யவும், கறவை மாடு இறப்புக்கான உதவித்தொகையை வழங்கவும், மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்' என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.

அதே வாரத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். உங்கள் ஊரின் வீட்டுச் சேதப் பட்டியல், உங்கள் வீட்டைப் பற்றிய கள ஆய்வுக் குறிப்பு, நிவாரணம் தொடர்பான அரசாணைகள் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பட்டியல் கைக்கு வந்தால், உங்களைப் போலவே நத்தத்தில் பட்டா இல்லாமல் இருக்கும் யாருக்காவது பணம் போயிருக்கிறதா என்று தெரிந்துவிடும். போயிருந்தால் சமத்துவம் பற்றிய அரசியலமைப்புப் பிரிவு 14 உங்கள் பக்கம் நிற்கும்.

'இதெல்லாம் அரசு மனசு வைத்துக் கொடுப்பது, கேட்க உங்களுக்கு உரிமை இல்லை' என்று அலுவலகத்தில் யாராவது சொல்லக்கூடும். அது சட்டம் அல்ல. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 12 உயிரிழப்பு, வீட்டுச் சேதம், வாழ்வாதாரம் இவற்றுக்கான குறைந்தபட்ச உதவிக்கு நெறிமுறை வகுக்கச் சொல்கிறது. அப்படி வகுப்பது கட்டாயக் கடமை என்று கொரோனா இறப்பு வழக்கில் 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எவ்வளவு தொகை என்பதை நீதிமன்றம் நிர்ணயிக்காது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆனால் உங்கள் வழக்கு தொகையைக் கூட்டச் சொல்லி அல்ல. அரசே அறிவித்ததை உங்களுக்கும் பொருத்தச் சொல்லித்தான்.

இரண்டு மூன்று மாதம் பார்த்தும் பதில் இல்லையென்றால், அல்லது காரணமில்லாமல் நிராகரித்தால், சென்னை உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அதிகாரிகளுக்கு உத்தரவிடச் சொல்லிக் கேட்கும் மனு, போடலாம். முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டுப் பணத்தை வீணாக்காதீர்கள், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் பிரிவு 71, உயர்நீதிமன்றத்துக்குக் கீழே உள்ள நீதிமன்றங்களின் அதிகாரத்தைத் தடுத்துவிட்டது. ரிட் மனுவுக்குக் கறாரான காலக்கெடு கிடையாது. ஆனால் தாமதத்தைக் காரணம் காட்டித் தள்ளுபடி செய்ய முடியும், ஆகவே மனுவை இந்த மாதமே கொடுங்கள். இத்தகைய வழக்குகளில் பெரும்பாலும் முதலில் கிடைப்பது, 'மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுங்கள்' என்ற உத்தரவுதான். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். கெடு வைத்த உத்தரவு கைக்கு வந்தால் கோப்பு நகரும்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்காதீர்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, பிரிவு 12 பெண்களுக்கும், வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இலவச சட்ட உதவி தருகிறது. இரண்டு வகையிலும் உங்களுக்கு அது உண்டு. உங்கள் வட்ட நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது குறைதீர் மனுவின் ரசீதையும் வரி ரசீதையும் பால் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். மூலத்தை யாரிடமும் கொடுத்துவிடாமல் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.