பழைய பெங்களூரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் வெளியே வர வழி இருக்கிறது. சர்ஜாபூர் ரோடு பக்கம் மட்டும் ஏன் எல்லாமே முட்டுச்சந்து?

மேப்பில் பக்கம்தான் என்று காட்டியதை நம்பி வீடு பார்க்கப் போய் மதிலில் முட்டியிருக்கிறீர்கள், சரிதானே? நான் அட்வான்ஸ் கொடுத்த பிறகு முட்டினேன்.

வளர்ந்தது மல்லேஸ்வரம். 1898 பிளேக்குக்குப் பிறகு கோடு போட்டு எழுப்பிய பேட்டை. சம்பிகே ரோட்டில் கூட்டம் என்றால் மார்கோசா ரோடு, அதுவும் அடைத்தால் ஏதாவது ஒரு கிராஸ், அதாவது குறுக்குத் தெரு. மளிகைக்கடைப் பாக்கி இருக்கும் மாதங்களில் அப்பா வேறு கிராஸ் வழியாக வீட்டுக்கு வருவார். இப்போது நான் இருக்கும் சர்ஜாபூர் ரோடு லேஅவுட்டில் கடன்காரனிடமிருந்து தப்பவே முடியாது. ஒரே கேட்.

காரணம் எனக்குத் தெரிந்தவரை இதுதான். ஜெயநகர் மாதிரி பழைய பேட்டையில் அரசாங்கமே நிலத்தை மொத்தமாக எடுத்து, முதலில் தெருவைப் போட்டு, பிறகு மனை பிரித்தது. இங்கே ராகித் தோட்டங்கள் ஒவ்வொரு சர்வே நம்பராக விலைபோயின. வாங்கியவர் மெயின் ரோட்டுக்கு ஒரு வழி விட்டார், மற்ற மூன்று பக்கமும் மதில் எழுப்பினார். பக்கத்து நிலம் வேறொருவருடையது, அவரும் அதையே செய்தார். 2007-ல் 110 கிராமங்களை மாநகராட்சியோடு சேர்த்தபோது இதில் பல ஏற்கெனவே கட்டி முடிந்திருந்தன. 'ஏரியும் ராஜகாலுவையும் (பெரிய மழைநீர்க் கால்வாய்) குறுக்கே இருக்கின்றனவே' என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். இருக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஏரி இல்லை சார், கீரைக்கடை.

அந்த மதிலில் ஒரு ஓட்டை இருந்தது. வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள், எங்கள் அம்மா, இரண்டு நாய்கள், எல்லோருக்கும் அதுதான் ராஜபாட்டை. கடைக்கு நூறடி. போன வருஷம் பாதுகாப்பு என்று சொல்லி அசோசியேஷன் அதைச் சிமென்ட் பூசி மூடியது. கேட்டைச் சுற்றிப் போனால் இரண்டரை கிலோமீட்டர். "ஏன்டா, ஒரு கட்டு கீரைக்கு ஆட்டோவா?" என்றாள் அம்மா. திருட்டு பயம் எனக்கும் உண்டு, பாதுகாப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் திருடன் ஓட்டை வழியாகக் குனிந்துதான் வருவானா?

இதே அசோசியேஷன் 2024 கோடையில் தண்ணி லாரிக்கு என்று வீட்டுக்கு வீடு தனியாக வசூலித்த பணத்துக்கு இன்றுவரை கணக்கு காட்டவில்லை. வாட்ஸப் குரூப்பில் கேட்டேன். மறுநாளிலிருந்து அட்மின் மட்டும்தான் அதில் பேச முடியும். சரி, நீங்கள் கேட்டது தெருவைப் பற்றி.

வீடு பார்க்கும்போது எத்தனை படுக்கையறை என்று கேட்பதற்கு முன், கேட்டை விட்டு நடந்து எத்தனை பக்கம் போகலாம் என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. அம்மா இப்போது பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஏறி, மதிலுக்கு மேலாகக் காசை நீட்டிக் கீரை வாங்குகிறாள். மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதிப்பது பற்றி அடுத்த ஞாயிறு மீட்டிங்.