ஹெபடைடிஸ் சி இருந்தவரின் சிறுநீரகத்தைப் பெறலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 58. மூன்று ஆண்டுகளாக டயாலிசிஸ் செய்துவருகிறார். ஹெபடைடிஸ் சி தொற்றோடு இறந்த ஒருவரின் சிறுநீரகம் வந்தால் ஏற்கச் சம்மதமா என்று மருத்துவக் குழுவினர் கேட்கிறார்கள். சம்மதித்தால் காத்திருப்பு குறையுமாம். அப்பாவுக்கு அந்த நோய் இல்லை. இல்லாத நோயைத் தெரிந்தே வாங்கிக்கொள்ளலாமா? அப்படிச் செய்துகொண்டவர்கள் நன்றாக வாழ்கிறார்களா?

பதில்: உங்கள் அச்சத்துக்கு முழு நியாயம் உண்டு. 2013ஆம் ஆண்டின் இறுதிக்கு முன்பு இதே கேள்வி வந்திருந்தால் “வேண்டாம்” என்பதே பதிலாக இருந்திருக்கும். ஹெபடைடிஸ் சி கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய்; தானமாகப் பெறும் சிறுநீரகத்தின் வழியாக அந்த வைரஸ் உடலுக்குள் புகுந்துவிடும். உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரப்படும் மருந்துகள் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால் அது தடையின்றிப் பெருகும். அதற்கெதிராக அன்று கையிலிருந்த இன்டர்ஃபெரான் மருந்தோ எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிட்டு, புதிய சிறுநீரகத்தையே இழக்கச் செய்யக்கூடும். அதனால் இத்தகைய சிறுநீரகங்கள் ஏற்கெனவே தொற்று உள்ளவர்களுக்கு மட்டும் பொருத்தப்பட்டன, அல்லது வீணாயின.

2013 இறுதியில் வந்த சோஃபோஸ்புவிர் மாத்திரையும் அதைத் தொடர்ந்து வந்த மாத்திரைகளும் வைரஸ் பெருகும் வழியையே நேரடியாக அடைப்பவை. இவற்றால் நிலைமை அடியோடு மாறியது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள், தொற்று இல்லாத 10 பேருக்குத் தொற்றுள்ள சிறுநீரகங்களைப் பொருத்தி, அதன் முடிவை 2017இல் வெளியிட்டார்கள். மூன்றாம் நாளிலேயே பத்துப் பேரின் இரத்தத்திலும் வைரஸ் தென்பட்டது. உடனே மாத்திரை தொடங்கி 12 வாரம் கொடுத்ததில் பத்துப் பேருமே குணமானார்கள். பின்னர் 20 பேர் வரை விரிவாக்கியபோதும் அதே பலன் கிடைத்தது. அதே நாட்டின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் அறுவைக்கு முன்பே முதல் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த 10 பேரில் ஒருவருக்கும் தொற்று நிலைக்கவில்லை.

நீங்கள் கேட்கும் ஆயுள் விஷயத்துக்கு வருகிறேன். தொற்றுள்ள சிறுநீரகங்களையும், கொடையாளரின் வயது முதலியவற்றில் அவற்றுக்கு இணையான தொற்றில்லாத சிறுநீரகங்களையும் ஒப்பிட்டபோது, ஓராண்டு முடிவில் இரண்டும் ஏறத்தாழ ஒரேபோல் இயங்கின. அமெரிக்காவில் இத்தகைய கொடையாளர்களில் பலர் போதை மருந்தின் அளவு மீறி இளவயதில் இறந்தவர்கள் என்பதால், வைரஸ் ஒன்றைத் தவிர்த்தால் அவை பெரும்பாலும் நல்ல சிறுநீரகங்களே. தானமாக வரும் சிறுநீரகத்தின் தரத்தை மதிப்பிடும் அந்நாட்டுக் கணக்கீட்டில் ஹெபடைடிஸ் சி ஒரு குறையாகச் சேர்க்கப்பட்டிருந்தது. 2024இல் அதை நீக்கிவிட்டார்கள். இந்த முறை பரவலாகிப் பத்தாண்டு அளவே ஆவதால், இருபது ஆண்டுக் கணக்கை இன்று யாரும் காட்ட முடியாது. ஆனால் டயாலிசிஸில் கழியும் ஒவ்வோர் ஆண்டும் இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் வருத்துகிறது என்பது நெடுங்காலமாகத் தெரிந்த உண்மை. ஆகவே, காத்திருப்பு நீளும் என்றால் சம்மதிப்பதே நல்லது என்பது என் கருத்து.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மாத்திரை தாமதமாகக் கூடாது. சிகிச்சை தள்ளிப்போன சிலருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டதுண்டு. எனவே மாத்திரைக்கான செலவை யார் ஏற்பது, எந்த நாளில் தொடங்குவது என்பவற்றை அறுவைக்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கொடையாளரின் இரத்தத்தில் வைரஸே இருந்ததா, பழைய தொற்றை எதிர்த்து உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள் மட்டும் இருந்ததா என்றும் கேளுங்கள். பின்னதானால் ஆபத்து மிகக் குறைவு. அப்பாவுக்கு எப்போதாவது ஹெபடைடிஸ் பி வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், ஏனெனில் இம்மாத்திரைகளை உட்கொள்ளும்போது அது மீண்டும் தலைதூக்கக்கூடும். அறுவைக்குப் பின் வழக்கமாக எழுதித்தரப்படும் ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள், ஹெபடைடிஸ் சி மருந்துகளில் ஒன்றான வெல்பட்டாஸ்விர் உடலில் சேர்வதைக் குறைக்கும். உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கத் தரப்படும் சைக்ளோஸ்போரினும் சில ஹெபடைடிஸ் சி மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. அப்பா சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: சிகிச்சை முடிந்த பிறகும் பரிசோதனையில் “பாசிட்டிவ்” என்றே வருமா? வீட்டிலுள்ளவர்களுக்குத் தொற்றுமா?

பதில்: எதிர்ப்பொருள் பரிசோதனை பல ஆண்டுகள், சிலருக்கு ஆயுள் முழுவதும், அப்படியே காட்டலாம். அதைக் கண்டு கலங்க வேண்டாம். பார்க்க வேண்டியது வைரஸின் அளவைக் காட்டும் பரிசோதனையை. மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்தும் அதில் வைரஸ் இல்லையென்றால் குணமாகிவிட்டது என்று பொருள். அதுவரை சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ் போன்ற இரத்தம் படக்கூடிய பொருள்களை அப்பா தனியாக வைத்துக்கொள்ளட்டும். சேர்ந்து உண்பதாலோ கட்டித் தழுவுவதாலோ இது தொற்றாது.